ஒரு நிமிடம் நாற்பத்தேழு விநாடி

படம் ஓடும்போது நான் போனைத் தொடுவதில்லை. இருபது வருடப் பழக்கம். திண்டிவனத்தில் எந்தத் தியேட்டரில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். என் அம்மா அஞ்சம்மாள்கூட இடைவேளை நேரம் பார்த்துத்தான் என்னை அழைப்பார்.

அதனால்தான் உங்கள் கடிதம் எனக்கு வருத்தம் தந்தது.

மாவட்ட ரசிகர் நற்பணி மன்றத்தின் விசாரணைக் குழுவுக்கு இதை எழுதுகிறேன். குற்றச்சாட்டை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை மதியம், சென்னையில் ஒரு சிறிய அரங்கில், அண்ணனின் நாற்பத்தோராவது படத்தைப் பதினோரு பேருக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். அன்று மாலையே இடைவேளைக் காட்சி நாற்பத்தெட்டு விநாடி வீடியோவாக எல்லாப் போன்களுக்கும் வந்துவிட்டது. கதையின் முடிச்சே அதில்தான் இருந்ததாம். தயாரிப்பு நிறுவனம் வெளியீட்டை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியை மாற்றி எடுக்கிறது. இரண்டே நாளில் வரவேண்டிய படம் பொங்கலுக்குத் தள்ளிப்போய்விட்டது. அரங்குக்குள் போன் வைத்திருந்தவன் நான் ஒருவன். படத்தின் நடுவில் எழுந்து வெளியே போனவனும் நான் ஒருவன். ஆகவே நான்தான் என்று சொல்லி, நகரச் செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கி வைத்திருக்கிறீர்கள்.

நான் எடுக்கவில்லை. அந்தக் காட்சி ஓடியபோது நான் அரங்குக்குள்ளேயே இல்லை. வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். யாரிடம், என்ன பேசினேன் என்று சொன்னால் உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும். அதற்குச் சில விவரங்கள் தேவைப்படுகின்றன.

என் பெயர் செல்வகுமார். வயது முப்பத்தாறு. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காது குத்தல், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, அண்ணனின் படம் எல்லாம் ஒரே இயந்திரத்தில்தான் வருகின்றன. மன்றத்துக்கு அடித்த பேனர்கள் நன்றாக இருந்தன என்று தலைவர் கிருஷ்ணசாமி சார் மூன்று மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வரப்போகும் படங்களை அதில் எழுதி வைப்பேன். அறிவிப்பு, பூஜை, படப்பிடிப்பு, தணிக்கை, தேதி என்று கட்டங்கள். தேதியை மட்டும் பென்சிலில் எழுதுவேன். மற்றவர்கள் படம் பார்ப்பதை விரும்புகிறார்கள். நானும் பார்க்கிறேன். ஆனால் வந்துவிட்ட படத்தில் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வரும்போது எனக்கு எப்போதும் லேசாகத் தலை வலிக்கும். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து அடுத்த படத்தின் கட்டத்தைப் பார்த்ததும் சரியாகிவிடும்.

எனக்குப் பெண் பார்க்க இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டும் வெள்ளிக்கிழமை. நான் போகவில்லை. மூன்றாவது முறை யாரும் நாள் குறிக்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் கிடையாது.

இனி சகாயராஜ்.

எங்கள் தெருக்காரன். பத்தாவது வரை என்னோடு படித்தவன். டைல்ஸ் ஒட்டும் வேலை. அவன் ஒட்டிய தரையில் தண்ணீர் ஊற்றினால் நேராக ஜலதாரைக்குப் போய்ச் சேரும் என்பார்கள். மனைவி இசைவாணி ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒன்றாவது படிக்கும் ஒரு மகள், அஸ்வினி. இரண்டரை வருடத்துக்கு முன் சகாயராஜுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அதிலிருந்து வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, விழுப்புரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இசைவாணியைக் கம்பெனி பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். கூடப் போக ஆள் இல்லை. நான் போனேன்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒருமுறை இயந்திரத்தில் படுத்தால் நான்கு மணி நேரம் ஆகும். விழுப்புரத்தில் நல்ல தியேட்டர்கள் இருக்கின்றன. நான்கு மணி நேரத்தில் ஒரு படம் பார்த்து இரண்டு டீ குடித்துவிட்டு வந்தால், அவனைக் கழற்றிக் கையில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். புதுப்படம் வரும் வெள்ளிக்கிழமையில் முறை விழவில்லை. அது விழுந்திருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

ஒரு தவறைச் செய்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. சகாயராஜ் நம் அண்ணனின் ரசிகன் இல்லை. அண்ணனுக்கு மட்டும் இல்லை, யாருக்குமே ரசிகன் இல்லை. தியேட்டரில் ஏசி போட்டதும் தூங்கிவிடுவான். அவனுக்கு உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுத்ததும், பத்து வருடமாக மன்றத்தில் இருக்கிறான் என்று எழுதியதும் நான்தான். மன்றத்தின் நம்பிக்கைக்கு நான் செய்த துரோகம் அது. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் செய்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். உயிருக்குப் போராடும் ரசிகர்களுக்கு வெளியீட்டுக்கு முன்பே படத்தைப் போட்டுக் காட்டும் ஏற்பாடு ஒன்றை நிறுவனம் வைத்திருக்கிறது. நோயாளிக்கு ஓர் இருக்கை. உடன் வருபவருக்கு ஓர் இருக்கை. படம் முடிந்ததும் அண்ணனே வந்து பார்ப்பார். இந்த மாவட்டத்திலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. டாக்டர் சான்றிதழை இணைத்து, சகாயராஜ் எழுதுவது போல நான் ஒரு கடிதம் எழுதினேன். அண்ணனின் நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று முடித்திருந்தேன். கையெழுத்துப் போடும் முன் அவன் அதைப் படித்தான்.

"டேய், நான் எப்படா கண்ண மூடறேன்னு சொன்னேன்?"

"ஒரு பேச்சுக்குடா."

"பேச்சுக்குக்கூட வேணாம். லிஸ்ட்டுல பேர் போட்டிருக்கு. கிட்னி வந்துட்டா ஆறு மாசத்துல வேலைக்குப் போயி கரண்டி புடிச்சிருவேன்."

"வரும்டா. அது வர்ற வரைக்கும் இது."

"இந்தப் பேஜாருக்கு நான் எதுக்கு? நீயே சீக்காளின்னு எழுதிக்க. பாக்கறவன் நம்புவான்."

கையெழுத்துப் போட்டான். நான் வாரம் மூன்று நாள் கூட வருகிறேன் என்பதால் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

அவன் சொன்ன பட்டியல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தது. மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்தைப் பொருத்துவதற்கு வரிசைப்படி பெயர் எழுதி வைப்பார்கள். முறை வரும்போது போனில் அழைப்பார்கள். உடனே போக வேண்டும். அங்கே பதிவு செய்யப் போனபோதும் நான்தான் கூடப் போனேன். விண்ணப்பத்தில் இரண்டு எண்கள் கேட்டார்கள். முதல் எண் சகாயராஜுடையது. இரண்டாவதாக இசைவாணியின் எண்ணைத்தான் எழுத வேண்டும். ஆனால் ஷூ கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், மாலைதான் கொடுப்பார்கள். ஆகவே என் எண்ணை எழுதினோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்தேன். சகாயராஜ், சிறுநீரகம், பதிவு செய்த நாள். தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அவனிடம் காட்டியபோது சிரித்தான். மற்றவர்கள் அவனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். எதிர்பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான் ஒருவன்தான்.

நிறுவனத்திலிருந்து மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. புதன்கிழமை, மதியம் இரண்டரை மணி. செவ்வாயும் வியாழனும் டயாலிசிஸ். நடுவில் புதன். இதைவிடப் பொருத்தமாக அமையாது. போகும் ரயிலில் அவனுக்குச் சில விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தேன்.

"அண்ணனோட மொத படத்துல அவர் என்ன வேல செய்வாரு?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"லாரி ஓட்டுவாரு. சொல்லு."

"லாரி ஓட்டுவாரு. நான் என்ன வேல செய்றேன்னு அவருக்குத் தெரியுமா?"

"கேப்பாரு."

"கேட்டா நீ சொல்லிடு. நான் சாய்ஞ்சிக்கினு இருக்கேன்."

மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான்.

அரங்கின் வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். சகாயராஜின் போனையும் அணைத்து ஒட்டினார்கள். என்னுடையதைக் கேட்டபோது, இவர் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்தவர், மருத்துவமனையிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்றேன். காவலாளி உள்ளே போய்க் கேட்டு வந்தார். வைத்துக்கொள்ளுங்கள், அழைப்பு வந்தால் மட்டும் வெளியே வந்து பேசுங்கள் என்றார். என்னிடம் மட்டும் போன் இருந்ததற்குக் காரணம் இது. நான் சொன்னதில் பொய் இல்லை.

எங்களை வரவேற்க நிறுவனத்தின் சார்பில் கவிதா என்ற பெண் நின்றிருந்தார். மிக மரியாதையான பெண். சகாயராஜுக்கு நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"நாற்பத்திரண்டு ஏப்ரல்ல வருது சார். இவரையே கூட்டிட்டு வாங்க. ஒருதடவ செலக்ட் ஆயிட்டா மறுபடி லெட்டர் எல்லாம் வேணாம்."

"நிச்சயம் வரோம்மா. நடுவுல ஆபரேஷன் ஆனாலும் ஆவும்."

"ஆனா சந்தோஷம்தான் சார். ஆனா அப்ப இந்த லிஸ்ட்ல வரமாட்டாரு. சீரியஸ் கேஸுக்கு மட்டும்தான்."

அவர் விதியைச் சொன்னார். அவ்வளவுதான்.

படம் தொடங்கியது. படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சகாயராஜ் பெயர்கள் முடிவதற்குள் தூங்கிவிட்டான். நான் அவனை எழுப்பவில்லை. மூன்று ஐம்பதுக்கு என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை, முன்வரிசையில் தலையில் துணி கட்டியிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இடைஞ்சல் கூடாது என்றுதான் எழுந்தேன். இடைவேளைக்கு முந்தைய இசை ஏறத் தொடங்கியிருந்தது. எப்படிப்பட்ட நேரத்தில் நான் வெளியே போனேன் என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

வந்த அழைப்பு மூன்று ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கியது. ஒரு நிமிடம் நாற்பத்தேழு விநாடி பேசினேன். பேனரில் பெயர் தவறு என்று பின்னால் சண்டைக்கு வருகிறவர்கள் அதிகம் என்பதால், என் போன் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதிவை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் வசதிக்காக எழுதியும் தருகிறேன்.

"சகாயராஜோட அட்டெண்டருங்களா?"

"ஆமாங்க."

"டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் பேசறேன் சார். அவர் நம்பர் ஆஃப்ல இருக்கு. கிட்னி ஒண்ணு வந்திருக்கு சார், ஓ பாசிட்டிவ். சகாயராஜ்தான் லிஸ்ட்ல ஃபர்ஸ்ட். ஆறு மணிக்குள்ள வரணும். எங்க இருக்கீங்க?"

"திண்டிவனங்க."

"கார் புடிச்சுக் கெளம்புங்க சார், வந்துடலாம். இனிமே எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க."

"அவருக்கு ஜுரங்க."

"எவ்ளோ இருக்கு?"

"நூத்திரண்டு."

"எத்தினி நாளா?"

"மூணு நாளாங்க."

"அய்யோ. சொல்லவே இல்லையே சார். பேஷண்ட் கிட்ட குடுங்க."

"தூங்கறாருங்க."

"ரெண்டு வருஷத்துக்கு மேல வெயிட் பண்றாரு சார் அவரு."

"ஆமாங்க."

"ஜுரத்தோட எடுக்க மாட்டாங்க. நான் அடுத்த பேஷண்ட்டக் கூப்பிடறேன். பேர் லிஸ்ட்லதான் இருக்கும், கவலப்படாதீங்க. ஜுரம் விட்டதும் எங்களுக்குச் சொல்லுங்க. சகாயராஜ் எழுந்ததும் அவர்கிட்ட சொல்லிடுங்க."

"சரிங்கம்மா. தேங்ஸுங்க."

தூங்குகிறார் என்று சொன்னது உண்மை. மற்றவை அப்படி இல்லை. அவனுக்கு அன்று காய்ச்சல் கிடையாது. நாங்கள் திண்டிவனத்திலும் இல்லை. அந்த அரங்கிலிருந்து மருத்துவமனை நான்கு கிலோமீட்டர். ஆட்டோவில் இருபது நிமிடம்.

என் நிலையிலிருந்து இதைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரகம் அன்று வந்தது. அப்படியென்றால் இன்னொரு நாளும் வரும். பட்டியலின் முதலிடத்திலிருந்து யாரும் அவனை இறக்கப் போவதில்லை என்று அந்த அம்மாளே சொன்னார். நாற்பத்தொன்றை வெளியீட்டுக்கு முன் பார்க்கும் வாய்ப்பு அப்படித் திரும்ப வருவதில்லை. நோயாளி எழுந்து போய்விட்டால் உடன் வந்தவனுக்கு அங்கே இருக்கை ஏது? படம் முடிந்ததும் அண்ணன் வருகிறார். அறுவைச் சிகிச்சை என்றால் பிறகு இரண்டு மூன்று வாரம் ஆள் துணை வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியீடு, கடையில் முப்பத்துநான்கு பேனர்கள் பாக்கி. ஏப்ரலில் நாற்பத்திரண்டு. இவ்வளவையும் நான் அந்த வராந்தாவில் ஒரு நிமிடத்துக்குள் யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது விளக்குகள் எரிந்தன. இடைவேளை. அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. பரவிய வீடியோவையும் இன்றுவரை திறக்கவில்லை, தியேட்டரில்தான் பார்ப்பேன். உள்ளே இருந்தவர்களில் இடைவேளைக் காட்சியைப் பார்க்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். என் இழப்பைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

படம் முடிந்ததும் அண்ணன் வந்தார். சகாயராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, படம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"சீட்டு நல்லா இருந்துச்சு சார்" என்றான்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். நான் சகாயராஜின் இடது பக்கம் நின்றேன். என் பாதி முகம் வந்திருக்கிறது.

திரும்பி வரும் ரயிலில் அவன் உற்சாகமாக இருந்தான்.

"அவர் கைய புடிச்சியா நீ? பஞ்சு மாதிரி இருக்குடா. லாரி ஓட்டுன கையாடா அது?"

"படத்துலடா ஓட்டுனாரு."

"அதான் கேக்கறேன். ஆமா, நடுவுல எங்கயோ எழுந்து போனியாமே? அந்தப் பொண்ணு சொல்லுச்சு. யாரு போனு?"

"கடையிலருந்துடா."

"ஆஸ்பத்திரியோன்னு நெனச்சேன்" என்றான். பிறகு மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் வாங்கினான். அவன் சாப்பிடக் கூடாது. அஸ்வினிக்கு.

இரவுக்குள் வீடியோ பரவிவிட்டது. வெளியீடு தள்ளிப்போனது. நோட்டில் தேதியை அழித்துவிட்டுப் பொங்கல் என்று எழுதினேன்.

காய்ச்சல் விட்டதும் தகவல் சொல்லச் சொன்னாரே, சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு முறை எண்ணை எடுத்து வைத்தேன். இல்லாத காய்ச்சல் என்றைக்கு விட்டது என்று சொல்வது? அப்படியே விட்டுவிட்டேன். மருத்துவமனையும் மறுபடி அழைக்கவில்லை.

நவம்பரில் அவனுக்குக் கையில் டயாலிசிஸ் ஊசி குத்தும் இடத்தில் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. விழுப்புரத்தில் நர்ஸ் அளந்து பார்த்து நூற்றிரண்டு என்றார். மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், இறந்துவிட்டான். நான் கூடத்தான் இருந்தேன். அன்று சினிமாவுக்குப் போகவில்லை. அந்த வாரம் புதுப்படம் எதுவும் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

கண்ணீர் அஞ்சலி பேனரை நானே செய்தேன். பன்னிரண்டுக்கு எட்டு. அண்ணன் தோளில் கை போட்ட படத்தைப் பெரிதாக வைத்து, கீழே சிறப்புக் காட்சியின் தேதியைப் போட்டேன். தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அண்ணனின் அலுவலகத்திலிருந்து இரங்கல் செய்தி போட்டார்கள். அதற்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் லைக் போட்டிருந்தார்கள். டைல்ஸ் ஒட்டுகிற ஒருவனுக்கு இந்த மாவட்டத்தில் இப்படி நடந்ததில்லை. கல்லறைக்குப் போகும்போது இசைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லாட்டி அவர் இத்தினி நாள் இருந்திருக்க மாட்டாருண்ணா என்றார். நான் மறுக்கவில்லை. அது உண்மைதான்.

போன வாரம் அவர் சென்னைக்குப் போனார். ஏதோ உதவித்தொகைக்காக மருத்துவமனையிலிருந்து ஒரு தாள் வாங்க வேண்டியிருந்தது. அங்கே கோப்பைப் புரட்டியவர்கள் ஒரு குறிப்பைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்தத் தேதியில் சிறுநீரகம் வந்தது, அழைத்தோம், நோயாளிக்குக் காய்ச்சல். இசைவாணி தேதியை இன்னொரு முறை படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதி அவர் வீட்டுச் சுவரில் என் பேனரில் இருக்கிறது.

நேற்றுக் காலை கம்பெனிக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு அவருக்கு ஜுரமாண்ணா?"

"லேசா இருந்துதும்மா."

"கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் நெத்தியில சிலுவ போட்டுட்டுப் போனேன். சில்லுனு இருந்துச்சு."

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

"போன் பண்ண ஆஸ்பத்திரி அம்மா கிட்ட பேசனது நீங்களா?"

"ஆமாம்மா."

"என்னா சொன்னீங்க?"

உங்களுக்கு எழுதியதையே அவரிடமும் சொன்னேன். சுருக்கமாக. எதையும் விடவில்லை. அழைப்பை மறுத்தது நான், காய்ச்சல் என்று சொன்னது நான், அவனிடம் சொல்லாமல் விட்டதும் நான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காது குத்தல் பேனர் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. அது முழுவதும் வந்து விழும் வரை அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அதெல்லாம் போன்ல ரெக்கார்டு ஆயிருக்குமில்ல?" என்றார்.

"ஆயிருக்கு."

"குடுங்க."

"போலீசுக்கா?"

"அப்புறம் போலீசு. மொதல்ல நான் கேக்கணும். அந்தம்மா அவர் பேரச் சொல்லி, லிஸ்ட்ல ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னாங்கன்னீங்களே. அத ஒரு தபா என் காதால கேக்கணும்."

கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அழைப்பைத் துண்டிக்கும் முன்பே நான் அரங்கின் கதவைத் திறந்துவிட்டேன். அதனால் கடைசி ஒன்பது விநாடியில், நான் நன்றி சொல்வதற்குப் பின்னால், இடைவேளை இசை கேட்கிறது. நாற்பத்தொன்றின் இசை இன்னும் வெளியாகவில்லை. கேட்டுவிடக் கூடாது என்று நானே அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன். இதை அவரிடம் விளக்கினேன்.

"அத வெட்டிட்டுக் குடுங்க. கம்ப்யூட்டர் முன்னாடிதான குந்திக்கினு கீறீங்க."

"வெட்டினா சாட்சி கெட்டுடும்மா. மன்றத்துக்கு முழுசா குடுக்கணும்."

"அப்ப எப்பதான் குடுப்பீங்க?"

"பொங்கலுக்குப் படம் வந்துடும். வந்த அன்னிக்கே தரேன்."

என்னைப் பார்த்தார். இன்னும் ஐந்து வாரம்தான், காத்திருப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்று சொன்னேன்.

அவர் போகவில்லை. வாசலில் பேனர் சுருள்களுக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். மதியம் ஒரு முறை, குடுங்கண்ணா என்றார். மாலையில் ஒரு முறை கேட்டார், அண்ணா என்று சொல்லாமல். பிறகு கேட்கவில்லை, நின்றார். ஷட்டரை இறக்கும் வரை நின்றார்.

நான் கொடுக்கவில்லை. இதையும் என் பக்க நியாயமாகச் சேர்த்துக்கொள்ளும்படி குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.